யாருடைய சம்மதம்? பஞ்சமி நிலமும் ராஜித் தீர்ப்புகளும்

பஞ்சமி நில மீட்பு வேலையில் இறங்கும் தோழர்கள் முதலில் தேடுவது பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டை. அதில் 'பஞ்சமர்' என்றோ 'டி.சி.' என்றோ ஒரு குறிப்பு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிறகு தாசில்தார் முன்னிலையில் விசாரணை வரும். அங்கே எதிர்த்தரப்பு நிதானமாக ஒரு தாளை எடுத்து வைக்கும். அது கிரயப் பத்திரமாக இருந்தால் நமக்குப் பதில் தெரியும். ஆனால் சில இடங்களில் அது முன்சீப் கோர்ட் டிகிரியாக இருக்கிறது. "உங்கள் தாத்தாவே கோர்ட்டில் வந்து ஒத்துக்கொண்டார். கேஸ் ராஜியாகி முடிந்துவிட்டது" என்பார்கள். நீதிமன்ற முத்திரையைப் பார்த்ததும் அதிகாரி கோப்பை மூடுவார். நம் பெரியவர்களும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

அந்தத் தாளைக் கண்டு எழுந்து போகத் தேவையில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ராஜித் தீர்ப்பு என்பது என்ன, அது எங்கிருந்து வந்தது, நிலத்தின் மீது அது எப்படி ஏவப்பட்டது, அதை உடைக்கும் வழி சட்டத்தில் எங்கே இருக்கிறது என்பதை வரலாற்று வரிசையில் பார்ப்போம். இதைப் படிக்கும் தோழர்களில் சட்ட மாணவர்கள் சிலர் இருப்பீர்கள். உங்களுக்கு இதில் கூடுதல் வேலை இருக்கிறது.

சம்மதத்தை நம்பாத ஓர் அரசாணை

1891-இல் செங்கல்பட்டு மாவட்டப் பொறுப்பு ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர், அம்மாவட்டப் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதி அரசுக்கு அனுப்பினார். நம் தோழர்கள் பலருக்கு இது தெரிந்த செய்திதான். ஆனால் அந்த அறிக்கையை நிலம் கேட்ட அறிக்கையாக மட்டும் படிக்கிறோம். அது சம்மதத்தைப் பற்றிய அறிக்கையும்கூட.

அவர் கண்டது இதுதான். தரிசு நிலத்துக்கு ஒரு பறையர் தர்க்காஸ்து மனு போட்டால், அந்த நிலத்தை எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை ஊர் மிராசுதாருக்கு இருந்தது. சேரியில் குடிசை நின்ற இடத்தின் மீதும் மிராசுதாரின் பிடி இருந்தது. "காலி செய்" என்ற ஒரு சொல்லே போதும், கூலி கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடனுக்கு எழுதிக்கொடுத்த சீட்டு, அவரையும் அவர் பிள்ளைகளையும் படியாட்களாகக் கட்டிப்போட்டது. சீட்டில் கைநாட்டு இருந்தது. தாளைப் பார்த்தால் அதுவும் சம்மதம்தான்.

1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010-அ அரசாணைகள் இந்தப் பின்னணியில் வந்தவை. அவற்றைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. நிலத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது. ஒப்படைப்பு விதிகளிலும் வருவாய் நிலையாணை 15-இலும் நிலைபெற்ற அந்த நிபந்தனையின் சாரம் இது: முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம், மீறினால் இழப்பீடு எதுவும் தராமல் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 'கண்டிஷன் பட்டா' என்று இன்றும் ஊரில் சொல்கிறார்களே, அந்தக் கண்டிஷன் இதுதான்.

இந்த நிபந்தனையைக் கொஞ்சம் நின்று கவனிப்போம். 'வற்புறுத்தி எழுதி வாங்கினால் செல்லாது' என்று அது சொல்லவில்லை. 'விரும்பி எழுதிக்கொடுத்தாலும் செல்லாது' என்கிறது. சேரியிலிருந்து வரும் சம்மதம் எந்தச் சூழ்நிலையில் வரும் என்பது அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு கைநாட்டின் பின்னால் இருந்த மிரட்டலையும் தனித்தனியாக நிரூபிக்கச் சொன்னால் ஒரு ஏக்கரும் மிஞ்சாது. ஆகவே சம்மதிக்கும் வாசலையே மூடினார்கள்.

1895-இல் வந்த அரசு மானியச் சட்டம் இந்த நிபந்தனைகளுக்கு இன்னொரு பலம் சேர்த்தது. சொத்தை விற்கவே கூடாது என்று போடும் நிபந்தனை செல்லாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு. 'நிபந்தனையே செல்லாது' என்று வாதாடும் எதிர்த்தரப்பு வக்கீல்கள் நீட்டும் பிரிவு இது. அரசு கொடுக்கும் மானியங்களுக்குச் சொத்து மாற்றுச் சட்டம் பொருந்தாது, மானியத்தில் எழுதிய நிபந்தனைகள் எழுதியபடியே செல்லும் என்று சொன்னது 1895 சட்டம். இது மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய பதில்.

இரண்டு சமமானவர்கள் என்ற கற்பனை

இனி ராஜிக்கு வருவோம். வழக்கில் இருக்கும் இரண்டு தரப்பும் தங்களுக்குள் பேசி முடித்து, அதை எழுதிக் கொடுத்தால், கோர்ட் அதைப் பதிவுசெய்து அதன்படியே தீர்ப்பாணை வழங்கும். 1882-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இது 375-ஆம் பிரிவாக இருந்தது. 1908 சட்டத்தில் கட்டளை 23, விதி 3 ஆனது. இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்பாணைக்கு அப்பீல் கிடையாது என்று அதே சட்டத்தின் 96(3) பிரிவு சொல்கிறது. நீயே ஒத்துக்கொண்டதை நீயே எப்படி எதிர்ப்பாய் என்பது அதன் நியாயம்.

இது ஆங்கிலேயச் சட்டச் சிந்தனையிலிருந்து வந்தது. ராஜித் தீர்ப்பு என்றால் ஓர் ஒப்பந்தம், அதன் மேல் கோர்ட்டின் முத்திரை. அந்த ஒப்பந்தத்தைச் செய்பவர்கள் சமமான இருவர், தங்கள் லாப நட்டம் தெரிந்தவர்கள் என்பது அதன் அடிப்படை. இரண்டு வியாபாரிகளுக்குள் நடக்கும் வழக்கில் இது நல்ல ஏற்பாடுதான். அண்ணன் தம்பி வரப்புத் தகராறிலும் ராஜி நல்லதுதான். வழக்குச் செலவு மிஞ்சும், உறவு மிஞ்சும். ராஜி என்றாலே சூழ்ச்சி என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் வாதி ஊரின் பெரிய நிலக்காரர், பிரதிவாதி அவர் வயலில் அன்றாடக் கூலிக்குப் போகிறவர் என்றால், அந்தக் கற்பனை அங்கேயே உடைந்துவிடுகிறது. 1932 செப்டம்பரில் காந்தியின் உண்ணாவிரத நெருக்கடியில் அண்ணல் அம்பேத்கர் கையெழுத்திட நேர்ந்த பூனா ஒப்பந்தத்தைப் படித்தவர்கள் நாம். கையெழுத்து இருப்பதும் சம்மதம் இருப்பதும் ஒன்றல்ல என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல.

ஆக, ஒரே மாகாணத்தில், ஒரே காலகட்டத்தில், இரண்டு சட்ட ஏற்பாடுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று, சேரியின் சம்மதத்தை நம்பாதே என்றது. மற்றது, எழுதிக் கொடுத்த சம்மதத்தை முத்திரை போட்டு ஏற்றுக்கொள் என்றது. பஞ்சமி நிலம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் விழுந்தது.

ராஜி எப்படித் தயாராகிறது

கிரயம் எழுதினால் அது நிபந்தனை மீறல் என்பது பதிவேட்டிலேயே தெரிந்துவிடும். அதனால் வழி மாறுகிறது. அது எப்படி நடக்கும் என்பதைப் படிப்படியாகத் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் ஒரு தாள் உருவாகிறது. அந்தத் தாள்கள்தான் பின்னால் நமக்குச் சாட்சி.

முதலில் ஒரு கடன், அல்லது முன்பணம். அதற்கு ஈடாகப் பதிவு செய்யாத ஓர் ஒப்பந்தம். சில காலம் கழித்து, 'இந்த நிலம் எனக்குச் சொந்தம், பல ஆண்டுகளாக என் அனுபவத்தில் இருக்கிறது' என்று நிலக்காரர் தாவா போடுவார். இல்லாவிட்டால் 'ஒப்பந்தப்படி எனக்கு எழுதித்தர உத்தரவிடுங்கள்' என்று கேட்பார். சம்மன் வரும். வந்த சம்மனை எடுத்துக்கொண்டு நம் ஆள் போவதே அந்த நிலக்காரரிடம்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவர், கோர்ட்டு தெரிந்தவர் அவர்தானே. "பயப்படாதே, வக்கீலை நானே வைக்கிறேன்" என்பார். வக்காலத்தில் ஒரு கைநாட்டு. அதோடு சேர்த்து இன்னும் சில தாள்களில் கைநாட்டு. அடுத்த வாய்தாவில் சமரச மனு தாக்கலாகும். 'வாதியின் உரிமையைப் பிரதிவாதி ஒப்புக்கொள்கிறார்' என்று அதில் ஒரு வரி. டிகிரி வந்துவிடும். அந்த டிகிரியோடு தாலுகா ஆபீஸ் போனால் பட்டா மாறும். சாட்சி விசாரணை இல்லை, செட்டில்மெண்ட் பதிவேட்டை யாரும் கோர்ட்டில் காட்டவில்லை, நிபந்தனையைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை.

சில இடங்களில் வாதியாக வருவது நிலக்காரர் அல்ல. அவருக்குப் பினாமியாக நம்மிலேயே ஒருவர். இதையும் மறைக்காமல் பேச வேண்டும். சில இடங்களில் குடும்பத்தில் ஒரு அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டிருப்பார். தங்கைகளும் இறந்த தம்பியின் பிள்ளைகளும் வழக்கில் தரப்பாகவே இருக்க மாட்டார்கள்.

பிறகு 1980களில் யு.டி.ஆர். என்று நாம் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் வந்தது. பழைய பதிவேட்டிலிருந்து புதிய பதிவேட்டுக்குப் பெயர்கள் ஏறியபோது பல ஊர்களில் 'பஞ்சமி' என்ற குறிப்பு ஏறவில்லை. டிகிரிதாரரின் பெயர் மட்டும் ஏறியது. இன்று கணினியில் சிட்டா எடுத்துப் பார்க்கிறவருக்கு அது எல்லா நிலத்தையும் போல ஒரு ரயத்துவாரி நிலம்.

1976: கொடுத்ததும் பூட்டியதும்

இந்த வரலாற்றில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய திருப்பம் 1976-இல் வருகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் அந்த ஆண்டு பெரிதாகத் திருத்தப்பட்டது. 1977 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ராஜி தொடர்பாக அந்தத் திருத்தம் சில காரியங்களைச் செய்தது.

முதலாவது, ராஜி எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று சொன்னது. கோர்ட் ஹாலில் வாயால் சொன்னது போதாது.

இரண்டாவது, விதி 3-க்கு ஒரு விளக்கம் சேர்த்தது. ராஜி 'சட்டப்படியான ஒப்பந்தமாக' இருக்க வேண்டும் என்பது பழைய விதியிலேயே உண்டு. ஆனால் ஏமாற்றியோ அழுத்தம் கொடுத்தோ வாங்கிய சம்மதம் 'சட்டப்படியானதா' என்பதில் நீதிமன்றங்களுக்குள் ஒத்த கருத்து இல்லாமல் இருந்தது. புதிய விளக்கம் அதை முடித்துவைத்தது. 1872 ஒப்பந்தச் சட்டப்படி செல்லாத ஒப்பந்தம் மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் செல்லாததாக்கக்கூடிய ஒப்பந்தமும் சட்டப்படியானது அல்ல என்றது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, ஒருவர் மற்றவரின் விருப்பத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருந்து பெறும் சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பேரம் பார்த்த மாத்திரத்திலேயே அநியாயமாகத் தெரிந்தால், அழுத்தம் கொடுக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆட்டிவைத்தவர் மேல் விழுகிறது. கடன் கொடுத்தவரும் கூலி கொடுத்தவரும் ஒருவரே என்றால் இந்தப் பிரிவு எவ்வளவு பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது காரியம் பூட்டு. விதி 3-ஏ என்ற புதிய விதி வந்தது. ராஜி சட்டப்படியானது அல்ல என்ற காரணத்தைச் சொல்லி, அந்தத் தீர்ப்பாணையை ரத்து செய்யத் தனியாக ஒரு வழக்குப் போட முடியாது என்றது. அதுவரை மோசடி ராஜியை உடைக்கத் தனி வழக்குப் போடுவதுதான் எல்லோரும் அறிந்த வழி. அந்த வழி அடைபட்டது. வழக்குகள் முடிவில்லாமல் பெருகக்கூடாது என்ற நோக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் வழி மாறிவிட்டது என்ற செய்தி சேரிக்கு வந்து சேரவில்லை. இன்றும் ஆர்வத்தோடு தனி வழக்குப் போட்டு, அது எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடியாகி, ஆண்டுகள் வீணாகிப் போகும் கதை நடக்கிறது.

நீதிமன்றங்கள் சொன்னவை

அப்படியானால் எங்கே போவது? பன்வாரி லால் எதிர் சந்தோ தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. 1993-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வந்த வழக்கு அது. நில உரிமை வழக்கு ஒன்றில் ராஜி பதிவானது. வாதி அதே நீதிமன்றத்துக்கு வந்து, இது மோசடி என்றார். அந்த நீதிபதி ராஜியை ரத்து செய்தார். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் கீழ்க்கோர்ட் நீதிபதி செய்தது சரி என்றது. ராஜியைப் பதிவுசெய்த கோர்ட்டுக்கே போய், இது சட்டப்படியான ஒப்பந்தம் அல்ல என்று மனு போடலாம். அல்லது ராஜியைப் பதிவுசெய்ததே தவறு என்று அப்பீலில் கேட்கலாம் என்று வழிகாட்டியது. ராஜி மனுவைப் பார்க்கும் நீதிபதி கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தக்கூடாது, மனத்தைச் செலுத்திப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் அழுத்தமாக வருகிறது.

2006-இல் புஷ்பா தேவி பகத் வழக்கில் இது இன்னும் இறுக்கமாகச் சொல்லப்பட்டது: ராஜியைப் பதிவுசெய்த அதே நீதிமன்றத்தில் மனு போடுவதுதான் வழி. 2020-இல் திரிலோகி நாத் சிங் வழக்கில், ராஜியில் தரப்பாக இல்லாமல், தரப்பினர் ஒருவரிடமிருந்து நிலம் வாங்கியவருக்கும் தனி வழக்குத் தடை பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றம். கதவு ஒன்றுதான். அது எது என்று தெரிந்து தட்ட வேண்டும்.

வக்கீல் கையெழுத்துப் போட்டிருந்தால்? 1991-இல் பைராம் பெஸ்டோன்ஜி வழக்கில், கட்சிக்காரருக்காக வக்கீல் ராஜியில் கையெழுத்திடலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 2015-இல் ஹிமாலயன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், கட்சிக்காரரின் உரிமையை விட்டுக்கொடுக்க வக்கீலுக்குத் தெளிவான அதிகாரம் இருக்க வேண்டும் என்று நினைவூட்டியது. எனவே அந்த வக்காலத்தில் என்ன எழுதியிருக்கிறது, யார் அந்த வக்கீலை வைத்தார்கள் என்பது முக்கியமான கேள்வி.

பஞ்சமி நிலத்துக்கு மிகவும் பயன்படும் இரண்டு தீர்ப்புகள் உண்டு. ஒன்று, புலவர்த்தி வெங்கட சுப்பா ராவ் வழக்கு, 1960களில் வந்தது. ராஜித் தீர்ப்பாணை என்பது நீதிமன்றம் ஆராய்ந்து எடுத்த முடிவு அல்ல, தரப்பினர் பேசிக்கொண்டதை ஏற்றுக்கொண்டது மட்டுமே என்றது உச்ச நீதிமன்றம். 'கோர்ட்டே சொல்லிவிட்டது' என்ற பேச்சுக்கு இது பதில். கோர்ட் எதையும் விசாரித்துச் சொல்லவில்லை; அவர்கள் எழுதிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தது. மற்றொன்று, 1995-இல் வந்த பூப் சிங் எதிர் ராம் சிங் மேஜர். ஏற்கெனவே இருந்த உரிமையை ஒப்புக்கொள்ளும் ராஜி வேறு; புதிதாக ஓர் உரிமையை உருவாக்கும் ராஜி வேறு. 100 ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தில் புதிய உரிமையை உருவாக்கினால் அதைப் பதிவுசெய்தாக வேண்டும். முத்திரைத்தாள் கட்டணத்தையும் பதிவையும் தவிர்க்கப் போட்ட நாடகமா என்று கோர்ட்டுகள் பார்க்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. பஞ்சமி நிலத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேராத ஒருவருக்கு 'ஏற்கெனவே இருந்த உரிமை' எங்கிருந்து வரும்?

இதோடு ஒரு எளிய வாதத்தையும் சேர்க்க வேண்டும். ராஜி, அதில் தரப்பாக இருந்தவர்களைத்தான் கட்டுப்படுத்தும். நிபந்தனை போட்டுக் கொடுத்தது அரசு. நிபந்தனை மீறினால் திரும்ப எடுக்கும் உரிமை அரசுக்கு. அந்த வழக்கில் அரசு தரப்பாக இல்லையென்றால், இரண்டு பேர் தங்களுக்குள் எழுதிக்கொண்ட தாள் அரசின் உரிமையை எப்படி அழிக்கும்? அழிக்காது. தாசில்தார் கோப்பை மூடும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

கர்நாடகமும் ஆந்திரமும் எழுதிவைத்த வரி

கோர்ட் வழியாக நிலம் போகும் என்பது நமக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அல்ல. ஆந்திரத்தில் 1977-இலும் கர்நாடகத்தில் 1978-இலும் ஒப்படைப்பு நிலங்களின் கைமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டங்கள் வந்தன. ஆந்திரச் சட்டம் நிலமற்ற ஏழைகளுக்கு ஒப்படைத்த நிலங்களைப் பற்றியது. கர்நாடகச் சட்டம் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குக் கொடுத்த நிலங்களைப் பற்றியது. இரண்டிலும் ஒரு வரி இருந்தது: சிவில் கோர்ட் டிகிரியை நிறைவேற்றும்போது நடக்கும் கைமாற்றத்துக்கும் இந்தத் தடை பொருந்தும். சட்டம் எழுதியவர்கள் அந்தப் பின்வாசலைக் கண்டு, அதைப் பெயர் சொல்லி அடைத்தார்கள்.

கர்நாடகச் சட்டத்தை எதிர்த்து நிலம் வாங்கியவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1984-இல் மன்சேகௌடா வழக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நிபந்தனையை மீறி வாங்கியவருக்குக் கிடைத்தது ஆட்டம் காணும் உரிமைதான், அதை நீக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது நீதிமன்றம். பிறகு 2017-இல் நெக்கண்டி ராமலட்சுமி வழக்கில், நில மீட்பு மனுவை நியாயமான காலத்துக்குள் போட்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் காட்டிப் பல மனுக்கள் தள்ளுபடியாயின. அங்குள்ள தலித் அமைப்புகள் விடவில்லை. தொடர்ந்து போராடினார்கள். 2023-இல் கர்நாடகச் சட்டமன்றம், மனுவுக்குக் கால வரம்பு இல்லை என்று திருத்தம் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்துக்கு இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. நிலையாணையும் நிபந்தனையும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும்தான் நம் கையில். டிகிரியைப் பெயர் சொல்லி அடைக்கும் அந்த ஒரு வரி நமக்கு வேண்டும் என்பது வெறும் சட்ட நுணுக்கம் அல்ல, அரசியல் கோரிக்கை.

அந்தக் கோரிக்கைக்கு ரத்த வரலாறு உண்டு. திரமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே செங்கல்பட்டில், 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்துக்காகத் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிரிழந்தார்கள். அறிக்கைக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இடையே நூறாண்டுக்கு மேல். அந்த நூறாண்டில் நிலம் கைமாறியதெல்லாம் துப்பாக்கியால் அல்ல. பெரும்பாலும் தாளால்.

எந்தக் கதவைத் தட்டுவது

இனி வேலைக்கு வருவோம்.

ஒரு ஊரில் ராஜி டிகிரியைக் காட்டினால், முதலில் அந்த வழக்கின் எண்ணைக் குறித்துக்கொண்டு, நீதிமன்றத்தில் சான்றிட்ட நகல் கேளுங்கள். தீர்ப்பாணை மட்டும் போதாது. பிராது, வக்காலத்து, சம்மன் சார்வான விவரம், சமரச மனு, வாய்தா வாரியான குறிப்புகள் எல்லாம் வேண்டும். வழக்குத் தாக்கலான தேதிக்கும் ராஜியான தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று பாருங்கள். யார் யார் தரப்பு, யார் விடுபட்டார்கள், மைனர் யாராவது இருந்தார்களா என்று பாருங்கள். மைனருக்காக ராஜி செய்ய கோர்ட்டின் அனுமதி வேண்டும் என்பது கட்டளை 32, விதி 7. அரசு தரப்பாக இருந்ததா என்று கட்டாயம் பாருங்கள்.

அடுத்து, யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேடு, அ-பதிவேடு, ஒப்படைப்புக் கோப்பு ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நிபந்தனை எந்தத் தாளில் இருக்கிறதோ அந்தத் தாள் இல்லாமல் மற்ற வாதங்கள் நிற்காது.

பிறகு, ராஜியைப் பதிவுசெய்த அதே கோர்ட்டில், அதே வழக்கில் மனு. 'மோசடி நடந்தது' என்று மொட்டையாக எழுதினால் போதாது. யார், எப்போது, என்ன சொல்லிக் கைநாட்டு வாங்கினார், எந்த நாளில் அது தெரியவந்தது என்று விவரமாக எழுத வேண்டும் என்பது கட்டளை 6, விதி 4. மோசடி தெரியவந்த நாளிலிருந்துதான் காலக்கெடு ஓடத் தொடங்கும் என்று காலவரையறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் அந்தப் பிரிவு காப்பாற்றாது. ராஜி மக்கள் நீதிமன்றத்தில் நடந்திருந்தால் வழி வேறு: அங்கே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான், அதுவும் மிகக் குறுகிய காரணங்களுக்கு மட்டும் என்று 2008-இல் ஜலோர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

குற்றவியல் பக்கமும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் வந்த திருத்தம், பட்டியல் சாதியினரின் நிலத்தை முறைகேடாக அனுபவிப்பதைப் பற்றிப் பேசும்போது, 'முறைகேடாக' என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் தருகிறது. விருப்பத்துக்கு மாறாக, சம்மதம் இல்லாமல் என்பதோடு, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்ற அச்சத்தில் பெற்ற சம்மதமும், நில ஆவணங்களைப் புனைந்து செய்வதும் அதில் அடங்கும். 1892-இல் நிபந்தனையாக எழுதப்பட்ட சந்தேகம், 2015-இல் குற்றச் சட்டத்தின் வரியாக வந்து நிற்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். ராஜி ரத்தானால் அன்றே நிலம் கைக்கு வந்துவிடாது. பழைய வழக்கு உயிர் பெறும். அதை நடத்தி ஜெயிக்க வேண்டும். ஒப்படை பெற்றவரின் வாரிசுகளுக்கும் ஊரின் மற்ற நிலமற்ற தலித் குடும்பங்களுக்கும் இடையே யாருக்கு நிலம் என்ற கேள்வியும் வரும். அதை முன்கூட்டியே ஊரில் உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிளவைத்தான் எதிர்த்தரப்பு அடுத்த ராஜிக்கு வாங்கிக்கொள்ளும்.

இதைப் படிக்கும் ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் இரண்டு பேர் சேர்ந்து, தங்கள் தாலுகாவில் பஞ்சமி நிலம் தொடர்பான ராஜி டிகிரிகளைத் தேடி ஒரு பட்டியல் போடுங்கள். சர்வே எண், வழக்கு எண், ராஜியான தேதி, தரப்பினர், அரசு தரப்பா இல்லையா என்ற ஐந்து விவரம் போதும். தனித் தனியாகப் பார்த்தால் அவை தாத்தாக்களின் சம்மதம். ஒன்றாக அடுக்கி வைத்தால்தான் அது எப்படிப்பட்ட சம்மதம் என்பது தெரியும். தனிச் சட்டம் கேட்டுச் சட்டமன்றத்தின் முன் நிற்கும் நாளில் நம் கையில் அந்தப் பட்டியல் இருக்க வேண்டும்.